திருப்பாத போர்வை

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கொடைக்கானலில் உள்ள கத்தோலிக்கர் அத்தனை பேரும் இன்று சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில்தான். நானும் எவ்லினும் போனோம். என் தங்கை பிலோமினாவுக்கு இது முதல் கல்லறைத் திருநாள். செப்டம்பரில் மூடிய மண்மேடு இன்னும் சிமெண்டு காணவில்லை. மண் காய்ந்தால்தானே பூச முடியும். இந்த ஊரில் மண் எப்போது காய்ந்தது?

மெழுகுவர்த்தி ஏற்ற ஏற்ற அணைந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எவ்லின்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க பெரிம்மா. அம்மாவுக்கு மெழுகு வாசமே ஆகாது." பத்து வயதுப் பெண் பேசுகிற பேச்சா அது?

வீட்டுக்கு வந்து ஈரச் செருப்பைக் கழற்றுவதற்குள் போன். தூத்துக்குடியிலிருந்து அந்த ஆள். எவ்லினின் அப்பா.

"மைனி, அரைப் பரீட்சை முடியவும் பிள்ளைய கூட்டிட்டுப் போயிருதேன். இங்க பள்ளிக்கூடத்துல பேசியாச்சு."

எவ்லின் போனை வாங்கி, "அப்பா, அம்மா ஆரம்பிச்ச போர்வை இன்னும் முடியல. அது முடிஞ்சதும் வர்றேன்பா" என்றாள். அந்தப் பக்கம் "சரி பாப்பா. போர்வை முடியட்டும்" என்றது.

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டுவிட்டான். போர்வை எப்போது முடியும் என்று ஊசி பிடித்தவள்தான் சொல்ல வேண்டும். ஊசி என்னிடம் இருக்கிறது. இன்று இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

நவம்பர் 4

போர்வையை எடுத்துக் கட்டில்மேல் விரித்துப் பார்த்தேன். அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான் தொடுகிறேன்.

எவ்லின் வரைந்த சித்திரக்கதைதான் போர்வை. 'மூடுபனி மேரி' என்று ஒரு வீராங்கனை. படத்தில் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருப்பாள்; போர்வையில் நீலமும் வெள்ளையும் மட்டும்தான். மூடுபனி இறங்கினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். அதுதான் அவள் சக்தி. மொத்தம் நான்கு கட்டம், கீழிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக. முதல் கட்டத்தில் மேரி ஏரிமேல் நிற்கிறாள். இரண்டாவதில் பிளாஸ்டிக் பூதத்தோடு சண்டை. மூன்றாவதில் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். அதைப் பாதி பின்னும்போதுதான் பிலோவையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்காவது கட்டத்தை எவ்லின் இன்னும் வரையவில்லை.

இது சாதாரணப் பின்னல் இல்லை, இரட்டைப் பின்னல். இரண்டு நிற நூலையும் ஒன்றாகப் பிடித்து ஒரு கண்ணி முன்பக்கத்துக்கு, ஒரு கண்ணி பின்பக்கத்துக்கு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். கடைசியில் போர்வைக்கு இரண்டு முகம் இருக்கும். முன்னால் நீல வானத்தில் வெள்ளைப் பனி என்றால் பின்னால் வெள்ளை வானத்தில் நீலப் பனி. எழுத்து மட்டும் கூடாது, பின்னால் இடவலம் மாறிவிடும். அதனால் மேரியின் வாயருகே பேச்சுக்கு பலூன் இருக்கும், உள்ளே பேச்சு இருக்காது. நிறம் மாறுகிற இடத்தில்தான் இரண்டு முகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பலூன் போல ஒரே நிறமாக இருக்கிற இடத்தில் உள்ளே பை மாதிரி வெற்றிடம்.

பிலோ இடதுகைக்காரி. நான் வலதிலிருந்து இடதுக்குப் பின்னுவேன். அவள் இடதிலிருந்து வலதுக்கு. இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்வோம். என் வரிசை முடிந்ததும் ஊசியை அவளிடம் தள்ளுவேன், அவள் வரிசை முடிந்ததும் என்னிடம் வரும். ஒருத்தி தனியாகப் பின்னினால் ஒவ்வொரு வரிசைக்கும் வேலையைத் திருப்பியாக வேண்டும். நாங்கள் சேர்ந்தால் திருப்பவே வேண்டாம்.

அவள் கை தளர்ச்சி, என் கை இறுக்கம். ஒரு வரிசை இறுக்கம், ஒரு வரிசை தளர்வு என்று போர்வை முழுக்க விரல் வைத்தாலே தெரியும். அவள் போட்ட கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை அடையாளமாகக் கட்டி வைத்தேன்.

நவம்பர் 5

இனிமேல் திருப்பித் திருப்பித்தான் பின்ன வேண்டும்.

நவம்பர் 9

நேற்றுப் பின்னியதைப் பிரித்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு கண்ணி நிறம் மாறிவிட்டது. யார் கண்ணுக்கும் தெரியாது என்றாலும் எனக்குத் தெரியுமே. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 11

பிரித்தேன். மேகத்தின் ஓரம் நேராக வரவில்லை.

மேகத்துக்கு எதற்கு பெரிம்மா நேர் ஓரம் என்று எவ்லின் கேட்டாள். பாடப்புத்தகத்தை எடு என்றேன்.

நவம்பர் 14

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதினால் உண்மையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நான் பகலெல்லாம் ஏரிக்கரைச் சாக்லேட் கடையில் பெட்டி கட்டுகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் எவ்லின் பக்கத்து வீட்டு மைமூனின் உல்லன் கடையில் உட்கார்ந்திருப்பாள். நான் திரும்பும்போது கூட்டிக்கொண்டு வருவேன். வீடு பூட்டித்தான் கிடக்கும்.

இன்று வந்து போர்வையை எடுத்தேன். நான் பிரித்த இடம் திரும்ப வளர்ந்திருக்கிறது.

வேலையை நிறுத்தும்போது முன்பக்க வரிசையை முடித்துத்தான் நிறுத்துவேன். நூல் இடது ஓரத்தில் தொங்கும். இன்று வலது ஓரத்தில் தொங்குகிறது. பிலோ முடித்து வைத்தால் அங்கேதான் தொங்கும். கண்ணிகளும் ஊசியில் என் கண்ணிகள் போல உட்காரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. விரல் வைத்துப் பார்த்தேன். தளர்வு. நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த தளர்வு.

போர்வையை மடியிலிருந்து இறக்க மனம் வரவில்லை. பயந்தேன், ஆனால் வீட்டைவிட்டு ஓடத் தோன்றவில்லை. யாரோ ரொம்ப நாள் கழித்து வந்துவிட்டுப் போன வீடு போல இருந்தது.

நவம்பர் 15

எவ்லினிடம் கேட்டேன். "போர்வையத் தொட்டியாடி?"

"எனக்குப் பின்னத் தெரியுமா பெரிம்மா?" என்று திருப்பிக் கேட்டாள்.

சந்தேகம் தெளியட்டும் என்று எதிரே உட்காரவைத்து, வலது கையில் ஊசியைக் கொடுத்து, நான் போடுகிற மாதிரி போடச் சொன்னேன். பாவம், நூலை எங்கே சுற்றுவது என்றே தெரியவில்லை. ஊசி இரண்டு முறை கீழே விழுந்தது. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கைதான் அவளுக்கு. நேற்றுப் பார்த்ததோ இடதுகைப் பின்னல். பிள்ளைமேல் சந்தேகப்பட்டதற்காக ஒரு முட்டை ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன்.

அப்படியானால் வந்தது அவள்தான்.

நவம்பர் 19

ஞாயிறு. பிலோவின் ஆன்மாவுக்காகப் பூசைக்கருத்து கொடுத்திருந்தேன். சாமியார் அவள் பெயரை வாசிக்கும்போது எவ்லின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூசைக்குப் போகும் முன் போர்வையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் செபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பூட்டின பீரோவுக்குள் வருகிறாளா பார்ப்போம் என்று நினைத்தேன். என்ன நினைப்பு பார். கூடப்பிறந்தவளைத் திருடி மாதிரி நடத்துகிறேன்.

நவம்பர் 21

பீரோவைத் திறந்தேன். ஒரே ஒரு வரிசை கூடியிருந்தது. தளர்வாக. நூல் வலது ஓரத்தில்.

இரண்டு நாளும் சாவி என் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. குளிக்கும்போதுகூட.

இனிப் பூட்டமாட்டேன். அவளுக்கு மூச்சு முட்டும்.

நவம்பர் 25

யாரும் இல்லாதபோது சத்தமாகக் கேட்டுவிட்டேன். "உனக்கு என்னடி வேணும்?"

பதிலா வரும்? ஆனால் எனக்குத் தெரியும். நான் பிரிக்கிறேன், அவள் போடுகிறாள். போர்வை முடிய வேண்டும் என்கிறாள். போர்வை முடிந்தால் எவ்லின் தூத்துக்குடிக்குப் போவாள். அந்த ஆளிடம். அதுதான் அவளுக்கு வேண்டுமா? இரண்டு வருடம் இந்த வீட்டில் பிள்ளைக்குத் தலைவாரிவிட்டது யார், கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார், காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது யார்?

அவன் என்ன செய்தான்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட். பிலோ ஒரு சண்டையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று மலையேறினாள். பத்து நாள் இரண்டு வருடம் ஆனதற்கு நானா பொறுப்பு? போன மே மாதம் இறங்கிப் போகட்டுமா அக்கா என்று கேட்டாள். இருமலோடு பிரயாணம் செய்யாதே, சரியானதும் போகலாம் என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரிக்கு அவன் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தான். மூன்று நாள் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் கிடந்தான். நான் வீட்டுக்கு வரச்சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் போட்டது அத்தனையையும் பிரித்தேன். இந்த முறை காரணம் எதுவும் தேடவில்லை.

நவம்பர் 28

மறுபடி போட்டிருக்கிறாள்.

டிசம்பர் 1

நீல நூல் தீர்ந்துவிட்டதென்று மைமூன் கடைக்குப் போனேன். நூலைப் பிரித்துப் பிரித்துக் கட்டினால் நைந்துதான் போகும். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி ஜெசிந்தா, போர்வை பின்றியா இல்ல நூலுக்கு எக்சசைஸ் குடுக்குறியா? இந்த வேகத்துல போனா எவ்லின் கல்யாணத்துக்குத்தான் முடியும்."

"முடியட்டுமே."

"ம்." நூல்கண்டை எடுத்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "கை இறுக்கம்டி உனக்கு. ஊசிய விட்டு எதுவும் இறங்கமாட்டேங்குது."

நான் கேட்டேவிட்டேன். "மைமூன், செத்தவங்க வருவாங்களா?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "வந்தாலும் உன் வீட்டுக்கு எதுக்கு வரணும்? உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லுவியா நீ?" என்றாள். பிறகு ஏதோ சொல்லத் தொடங்கி, உள்ளே படித்துக்கொண்டிருந்த எவ்லினைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டாள்.

டிசம்பர் 6

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

அந்த ஆள் போன் செய்தான். கிறிஸ்துமஸ் முடிந்து முப்பதாம் தேதி வருகிறானாம். "போர்வை எந்த மட்டுக்கு இருக்கு மைனி?" என்று கேட்டான். பாதிகூட ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தால், மூன்றாம் கட்டம் முடிகிற நிலையில் இருக்கிறது. வலது ஓரத்தில் நூல் என்னைப் பார்த்துத் தொங்குகிறது.

கோபத்தில் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தேன். வரிசை வரிசையாகச் சரசரவென்று வந்தது. நான் போட்டது, அவள் போட்டது, எல்லாம். பிலோவோடு வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டே இழுத்தேன். என் பிள்ளை, உனக்கு என்னடி அவசரம், நீதான் போயிட்டியே, என்று என்னென்னவோ சொன்னேன். சிவப்பு நூல் தரையில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. அடையாளத்தைத் தாண்டிவிட்டேன். அவள் உயிரோடிருந்து போட்ட கடைசி வரிசையும் அதற்குக் கீழே இரண்டு வரிசையும் என் கையில் நூலாகக் கிடக்கின்றன. பிரித்த நூல் நேராகாது. சுருள் சுருளாக, அவள் கை வளைத்த வளைவோடு அப்படியே இருக்கிறது. அதை எடுத்து மறுபடி பின்னலாம். பின்னினால் என் பின்னல்தான் வரும்.

எவ்லின் வாசலில் நின்றிருந்தாள். அடக்கத்தன்று அழாத பிள்ளை, கல்லறையில் அழாத பிள்ளை, இன்று அலறினாள். "அது அம்மா போட்டது! அது அம்மா போட்டது!"

கட்டிப்பிடிக்கப் போனேன். என்னைத் தள்ளிவிட்டு நூலைத்தான் பொறுக்கினாள்.

எது அம்மா போட்டது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

டிசம்பர் 7

பேசவில்லை அவள். நானும்.

டிசம்பர் 10

ஞாயிறு. எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவிட்டாயிற்று. பரணிலிருந்து எங்கள் நட்சத்திரத்தை இறக்கினேன். எலி கடித்திருக்கிறது.

டிசம்பர் 12

மழையில் கரண்ட் போய்விட்டதால் கடையை நாலரைக்கே மூடிவிட்டார்கள். படியேறி வரும்போதே மூடுபனி வீட்டைச் சுற்றி அடைத்திருந்தது. ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்து உள்ளே பார்த்தேன்.

பிலோ உட்கார்ந்திருந்தாள்.

இடது நாற்காலியில். அவளுடைய பழுப்புச் சால்வை தலையோடு போர்த்தியிருந்தது. மடியில் போர்வை. ஊசி இடதிலிருந்து வலதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தலைச் சாய்ப்பு, நூல் சிக்கினால் உதட்டை மடிக்கிற மடிப்பு, எல்லாம் அவள். பயம் இல்லை. கதவைத் தட்டினால் போய்விடுவாளே என்றுதான் அசையாமல் நின்றேன். என்னை மன்னித்துவிடடி, இரு, போகாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கால் கண்ணில் பட்டது. நாற்காலியிலிருந்து தொங்கிய கால் தரையை எட்டவில்லை. பள்ளிக்கூட சாக்ஸ் போட்டிருந்தது.

கதவைத் திறக்கவில்லை. சத்தமில்லாமல் படியிறங்கி மைமூன் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி மாட்டியிருக்கும் ஆணி காலியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துட்டியா?"

"அவளுக்குத்தான் பின்னத் தெரியாதே. நான் சோதிச்சுப் பாத்தேனே மைமூன்."

"நீ எதிர உக்காந்து சோதிச்சிருப்ப. அவ அம்மா மடியில உக்காந்து கத்துக்கிட்டவ. மடியில இருந்து பாத்தா அம்மா கை எந்தக் கையோ அதுதான் வரும். எழுதுறது வலது கை, பின்றது பிலோ கை. நீ கடைக்குப் போன நேரத்துல எத்தனை நாள் நான் கண்ணால பாத்திருக்கேன்."

எனக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. "எதுக்கு எனக்குத் தெரியாமப் பின்றா?"

மைமூன் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். "அவளுக்கு அப்பாகிட்டப் போகணும்டி. அம்மா போர்வையோட போகணும். நீயோ பிரிச்சுக்கிட்டே இருக்க. சொன்னா என்ன புள்ளன்னு கேட்டேன். பயமா இருக்கு அத்தை, பெரிம்மா அழுவாங்கன்னு சொல்லுச்சு."

திட்டுவேன் என்று பயந்திருந்தால் தாங்கியிருப்பேன். அடிப்பேன் என்று பயந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நன்றாக இருட்டும் வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்லின் சாவியோடு திரும்பி வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "மழை, அதான் சீக்கிரம் விட்டுட்டாங்க. வா, போலாம்" என்றேன்.

டிசம்பர் 13

இன்று பிரிக்கவில்லை.

டிசம்பர் 14

கடைக்கு லீவு சொன்னேன். எவ்லின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இரண்டு நாற்காலியையும் ஒட்டிப் போட்டேன். வலது நாற்காலியில் நான் உட்கார்ந்து, ஒரு வரிசை போட்டு, ஊசியை இடது பக்கம் தள்ளினேன்.

"உக்காரு. நான் இங்கேருந்து வர்றேன், நீ அங்கேருந்து வா."

அவள் என்னையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து, உதட்டை மடித்துக்கொண்டு ஊசியைப் பிடித்தாள். அச்சு அசல் அவள் அம்மாவே. போர்வையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

பீரோ சாவி எப்படிக் கிடைத்தது என்று கேட்க நினைத்தேன். பிள்ளையைக் குடைய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 17

ஆஸ்பத்திரிக் கட்டம் முடிந்தது. நான் பிரித்த அந்த மூன்று வரிசையை எவ்லின்தான் போட்டாள். பிலோ போட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் பிலோ போட்டது இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை.

நான்காம் கட்டத்தின் படத்தை இன்று கொடுத்தாள். எப்போதோ வரைந்துவிட்டிருக்கிறாள்; கணக்கு நோட்டின் நடுவே ஒளித்து வைத்திருந்தாள். கடல். ஒரு பெரிய கிரேன். பஸ்ஸிலிருந்து மேரி இறங்கி நிற்கிறாள். மற்ற மூன்று கட்டத்திலும் பாதி உடம்பு பனிக்குள் மறைந்திருக்கும். இதில் பனியே இல்லை, தலை முதல் கால் வரை முழுசாகத் தெரிகிறாள்.

"பனி இல்லாத ஊர்ல இவளுக்கு சக்தி இருக்காதேடி?"

"இருக்காது பெரிம்மா. சும்மா பொண்ணா இருப்பா."

எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாலைச் சூடு செய்தேன். ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

டிசம்பர் 25

பாதிரியார் மறையுரையை இழு இழு என்று இழுத்தார். மைமூனுக்குக் கேக் கொடுத்தனுப்பினோம். மத்தியானத்திலிருந்து பின்னினோம். கிரேன் முடிந்தது. கிரேனின் உச்சியில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரு தலை. எவ்லினின் படத்தில் அதன் கழுத்தில் சிவப்பாக ஏதோ சுற்றியிருக்கிறது. என்னவென்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 29

கடைசியாக மேரியின் பலூன். படம் கீழிருந்து மேலாகத்தான் வளர்கிறது என்பதால் வாயருகே வர இவ்வளவு நாள். பலூன் முழுக்க வெள்ளை, உள்ளே வெற்றிடம். அதை மூடுவதற்கு முன் எவ்லினை நிறுத்தச் சொன்னேன். அன்றைக்கு அவள் பொறுக்கி வைத்த சுருள் நூலைக் கொண்டுவரச் சொன்னேன். தீப்பெட்டி அளவுக்குச் சுற்றி வைத்திருந்தாள். அதை பலூனுக்குள் வைத்து, ஊசியால் மெல்லத் தள்ளி, மேலே வரிசை போட்டு மூடினோம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. அமுக்கினால் தெரியும்.

"மேரி என்ன பேசுறா பெரிம்மா?" என்றாள்.

"உங்க அம்மா பேச்சு எனக்கு என்னைக்குப் புரிஞ்சுது?" என்றேன். இருவரும் சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை, அது அழுகையாகிவிட்டது. அவள் பயந்துகொண்டிருந்தது நடந்தேவிட்டது. ஓடிவிடவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழுங்க, பரவால்ல" என்றாள்.

டிசம்பர் 30

எவ்லினின் அப்பா கிளாட்வின் வந்தார். லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு வந்திருந்தார். போய் எடுத்துக்கொண்டு வாங்க, முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன் என்றேன். "சரி மைனி" என்று போனார்.

போர்வையை விரித்துக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது முன்பக்கம்?" என்றார்.

"ரெண்டும் முன்பக்கம்தான்பா."

உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே வந்தார். முதல் கட்டத்தில் ஓரிடத்தில் கை நின்றது. "இது பிலோ போட்டது, இல்லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய வரிசைதான். "எப்படித் தெரியும்?"

"கிரேன் மேல காத்து ஆளையே தள்ளும் மைனி. கல்யாணம் ஆன வருசம் ஒரு சிவப்பு மப்ளர் பின்னித் தந்தா. லொடலொடன்னு கெடக்கும். அதைத்தான் இன்னிக்கும் சுத்துதேன்."

அவள் கையை என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

டிசம்பர் 31

காலை பஸ்ஸில் போனார்கள். போர்வை எவ்லின் மடியில். வத்தலக்குண்டு தாண்டினால் வேர்த்துக்கொட்டும், பைக்குள் வை என்றேன். கேட்கவில்லை. பஸ் திரும்புகிற வரை கையை ஆட்டினாள். அதற்குமேல் மூடுபனி.

ஜனவரி 3

எவ்லின் போன் செய்தாள். பள்ளிக்கூடம் பரவாயில்லையாம். பக்கத்து வீட்டில் ஒரு நாய் இருக்கிறதாம். "இங்க போர்வையே வேணாம் பெரிம்மா, அப்படி வேர்க்குது. ஆனா போத்திக்கிறேன்." கோடை விடுமுறைக்கு வருகிறாளாம், அப்பா டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றாராம்.

வைக்கப்போகும்போது, மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "ஏன்டி, அன்னைக்கு பீரோவுல பூட்டி வச்சிருந்தேனே, அப்ப எப்படிடி போட்ட? சாவி எங்கிட்டல்ல இருந்துச்சு?"

"எந்த பீரோ?"

"போன நவம்பர்ல. ரெண்டு நாள். தொறந்தப்ப ஒரு வரிசை கூட இருந்துச்சே."

"அந்த ரெண்டு நாளும் போர்வையக் காணோம்னு தேடுனேன் பெரிம்மா. நான் போடல."

பொய் சொல்கிற குரல் இல்லை அது. இனிப் பொய் சொல்ல அவளுக்கு அவசியமும் இல்லை.

ஜனவரி 4

மிச்சமிருந்த நீலத்தையும் வெள்ளையையும் எடுத்துப் புதிதாகக் கண்ணி ஏற்றினேன். என்ன பின்னப்போகிறேன் என்று முடிவு செய்யவில்லை. இரண்டு நாற்காலியும் ஒட்டியபடியேதான் கிடக்கின்றன, எடுத்துப் போடவில்லை. வலது நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரிசை போட்டேன். நூல் இடது ஓரத்துக்கு வந்தது.

திருப்பவில்லை. ஊசியை இடது நாற்காலியில் வைத்து, "உக்காரு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.